மேடையேறிய மாப்பிள்ளைப் பாட்டு: ஒரு கலைப்போட்டியின் வரலாறும் நம் பிள்ளைகளும்

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது ஊர் வழக்கு. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித்திருவிழாவில், பல ஊர்களிலிருந்து வரும் பஜனைக் குழுவினர் படிதோறும் நின்று பாடியபடி மலையேறுவர். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் காவடிகளும் பம்பையோசையும் ஊரையே நிறைத்துவிடும். இங்கு வாழும் முஸ்லிம் குடும்பங்கள் அவ்வழிபாட்டில் பங்கேற்பதில்லை. எனினும், அண்டை வீட்டார் தம் பாட்டனார் பாடிய பாட்டைத் தம் பேரப்பிள்ளை வரையில் எவ்வாறு கொண்டுவந்து சேர்த்திருக்கின்றனர் என்பதை ஆண்டுதோறும் கண்ணாரக் காண்கின்றனர்.

அக்காட்சி நம் முன் ஒரு கேள்வியை எழுப்புகிறது. நம் பாட்டனார் பாடியவை எங்கே போயின? திருமண வீட்டில் பாடிய பைத்துகள், பாட்டிமார் தொட்டிலருகே பாடிய தாலாட்டுகள், முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள் ஆகியவற்றில் எத்தனை நம் பிள்ளைகளின் நாவில் இன்று உள்ளன?

தமிழகப் பள்ளிக் கல்வித்துறை 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கெனக் கலைத் திருவிழாவைத் தொடங்கிய நாள் முதல், இக்கேள்வி புதிய கனம் பெற்றுள்ளது. பள்ளி அளவில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக உயரும் போட்டி அது. வென்றோருக்குக் ‘கலையரசன்’, ‘கலையரசி’ என்னும் பட்டங்கள் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் திருத்தணி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் அம்மேடை திறந்தே இருக்கிறது. அதில் நம் வீட்டுப் பிள்ளை எதைப் பாடப் போகிறது?

இதற்கு விடை தேடுமுன், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இதே வகைப் போட்டியை நடத்திவரும் அண்டை மாநிலத்தின் வரலாற்றை அறிந்துகொள்வது பயன் தரும். அங்கே ஒரு முஸ்லிம் சமூகத்தின் வீட்டுக் கலைகள் மாநிலத்தின் பொதுமேடையில் ஏறின. அதனால் அக்கலைகள் பெற்றவையும் உண்டு, இழந்தவையும் உண்டு. இரண்டும் நமக்குப் பாடமாகும்.

ஒரே மாகாணத்தின் இரு பகுதிகள்

திருத்தணிக்கும் மலபாருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வியக்கலாம். இரண்டும் பழைய சென்னை மாகாணத்தின் பகுதிகள். ஒன்று கிழக்குப் பகுதி, மற்றொன்று மேற்குக் கடலோரம். மொழிவழி மாநிலப் பிரிவினை இரண்டின் தலைவிதியையும் மாற்றியது.

1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் திருத்தணி அடங்கியிருந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூருடன் திருத்தணியும் ஆந்திரத்திற்குச் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலானோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின்னர், படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்றும் இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. சில முஸ்லிம் வீடுகளில் உருதுவும் மூன்றாவதாகச் சேர்ந்துகொள்கிறது.

மலபார் மாவட்டமோ 1956 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தை விட்டுப் பிரிந்து, திருவிதாங்கூர்-கொச்சியுடன் சேர்ந்து கேரளமாயிற்று. மன்னராட்சியில் இருந்த இரு நிலப்பகுதிகளும், ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த மலபாரும் ஒரே நாளில் ஒரு குடும்பமாக ஆக்கப்பட்டன. பேசும் மொழி ஒன்றுதான். பழக்கவழக்கமும் வாழ்க்கைத் தரமும் கல்வியும் வேறுவேறு. இவற்றை எப்படி ஒன்றிணைப்பது?

கண்டறியப்பட்ட வழிகளுள் ஒன்று பிள்ளைகளின் கலைவிழா.

1957: எர்ணாகுளத்தில் ஒரு தொடக்கம்

அக்காலத்தில் தில்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையே இளைஞர் விழா நடந்துவந்தது. கேரளப் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த சி. எஸ். வெங்கடேஸ்வரன் அவ்விழாவால் ஈர்க்கப்பட்டார். அதைப் போன்றதொரு விழா பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று அவர் எண்ணியதன் விளைவாக, 1957 சனவரியில் எர்ணாகுளம் எஸ். ஆர். வி. பள்ளியில் முதல் மாநிலப் பள்ளிக் கலைவிழா நடந்தேறியது. புதிய மாநிலத்திற்கு அப்போது வயது மூன்று மாதங்கூட நிறையவில்லை. முதல் சட்டமன்றத் தேர்தலே நடந்திருக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசொன்று அமைவதற்கு முன்பே கேரளத்தின் பிள்ளைகள் ஒரே மேடையில் பாடிவிட்டனர்.

அடுத்த ஆண்டு திருவனந்தபுரத்தில் நடந்த விழாவைக் கேரளத்தார் இன்றும் நினைவுகூர்கின்றனர். வாய்ப்பாட்டில் முதற்பரிசு பெற்ற சிறுவன் பின்னாளில் கே. ஜே. யேசுதாஸ் எனப் புகழ்பெற்றார். மிருதங்கத்தில் முதற்பரிசு பெற்ற சிறுவன் பின்னாளைய பாடகர் பி. ஜெயச்சந்திரன். ஒருவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், மற்றொருவர் கொச்சி அரச குடும்ப வழியினர். விழாவின் நோக்கம் இரண்டாம் ஆண்டிலேயே கண்முன் தெரிந்தது.

நாளடைவில் விழா விரிந்தது. 1975-இல் கோழிக்கோட்டில் நடந்த விழாவில் புதிய கலைவடிவங்கள் சேர்ந்தன, ஊர்வலமும் சேர்ந்தது. 1986-இல் தனிநபர் பட்டங்கள் வந்தன: ஆண்பிள்ளைக்குக் ‘கலாபிரதிபா’, பெண்பிள்ளைக்குக் ‘கலாதிலகம்’. 1987 முதல் அதிகப் புள்ளி பெறும் மாவட்டத்திற்குத் தங்கக் கோப்பை வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. அதன் எடை 117½ பவுன், அதாவது 940 கிராம். கவிஞர் வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனோனின் யோசனையிலிருந்து பிறந்தது அக்கோப்பை. அதை அதிக முறை வென்ற மாவட்டம் கோழிக்கோடு.

இவ்விழாவுக்கு நிலையான ஊர் கிடையாது. ஆண்டுக்கு ஒரு நகரம் அதை ஏற்று நடத்தும். விழா வரும் ஊரில் பள்ளிகள் விடுதிகளாகும். ஊர்மக்கள் வரவேற்புக் குழுக்களில் சேர்வர். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே பந்தியில் உணவு பரிமாறப்படும். இன்று இருநூற்றுக்கு மேற்பட்ட போட்டிகள், பல்லாயிரம் மாணவர்கள், ஐந்து நாட்கள் என்று வளர்ந்து, ஆசியாவின் மிகப் பெரிய பள்ளிக் கலைவிழா என்று கேரளத்தார் பெருமையுடன் கூறும் நிலையை அது எய்தியுள்ளது. தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தலும் அதில் ஒரு போட்டி என்பதைத் தமிழர் நாம் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டு முற்றத்திலிருந்து மேடைக்கு

இனி நமக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம்.

மலபார் முஸ்லிம்களாகிய மாப்பிள்ளைமாரின் பாட்டு மரபு நானூறு ஆண்டுக்கும் மேற்பட்டது. கோழிக்கோட்டு காழி முஹம்மது அவர்கள் 1607-இல் யாத்த ‘முஹ்யித்தீன் மாலை’, காலம் தெரிந்த அரபு மலையாள நூல்களுள் மிகப் பழையது. அரபு எழுத்தில் மலையாளத்தை எழுதும் இம்முறை, நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழின் உடன்பிறப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரையில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத்தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது, கொண்டோட்டியில் மோயின்குட்டி வைத்தியர் அரபு மலையாளத்தில் பாடிக்கொண்டிருந்தார். 1852-இல் பிறந்து 1892-இல் மறைந்த வைத்தியர், ‘பதருல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்’ என்னும் காதற்காவியத்தை இருபது வயதிலேயே பாடி முடித்தவர். அவருடைய பாடல்களில் தமிழ்ச் சொற்கள் தாராளமாகப் பயில்கின்றன. ஒரே கடலின் இரு கரைகளில் ஒரே காற்று வீசியிருக்கிறது.

இப்பாட்டுகளைச் சுற்றி ஆட்டங்களும் வளர்ந்தன. மணப்பெண்ணை நடுவில் அமர்த்தித் தோழியரும் உறவுப் பெண்களும் கைதட்டிப் பாடுவது ஒப்பனா. மணமகனைச் சூழ்ந்து ஆண்கள் பாடுவது வட்டப்பாட்டு. கைக்கோல்களைத் தட்டி வட்டமாய்ச் சுழல்வது கோல்களி. தோல் போர்த்திய வட்டப் பறையாகிய தஃபை முழக்கிப் பாடியாடுவது தஃப்முட்டு. ரிஃபாயீ ராத்திபு மரபோடு தொடர்புடையது அரபனமுட்டு. இவையெல்லாம் மணவீட்டிலும் நேர்ச்சைகளிலும் மஜ்லிஸ்களிலும் வாழ்ந்தவை. கோழிக்கோடு, மலப்புரம், கண்ணூர்ப் பக்கங்களைத் தாண்டினால், இவற்றைக் கண்டவர் கேரளத்திலேயே மிகச் சிலர்தாம்.

முதலில் வெளியே வந்தது பாட்டு. 1950-இல் தொடங்கிய கோழிக்கோடு வானொலி நிலையம் மாப்பிள்ளைப் பாட்டைப் பொதுக் காற்றில் தவழவிட்டது. பள்ளி ஆசிரியரான வி. எம். குட்டி 1957-இல், பள்ளிக் கலைவிழா தொடங்கிய அதே ஆண்டில், தம் மாப்பிள்ளைப் பாட்டுக் குழுவை அமைத்து ஊர் ஊராகச் சென்று பாடினார். பின்வந்த ஆண்டுகளில் மாப்பிள்ளைப் பாட்டு, ஒப்பனா, கோல்களி, தஃப்முட்டு, அரபனமுட்டு, வட்டப்பாட்டு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகக் கலோத்சவத்தின் போட்டிப் பட்டியலில் இடம்பெற்றன. கிறிஸ்தவரின் மார்க்கம்களியும் சவிட்டு நாடகமும் அதே மேடையை அடைந்தன. அரபுமொழிக்கென ஒரு கலோத்சவம் பொதுவிழாவின் பகுதியாகவே நடைபெறுகிறது. மிக அண்மையில், 2025 சனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில், பழங்குடியினரின் ஐந்து கலைகள் முதன்முறையாகப் போட்டியில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இருளர் நடனம். இருளர் குடும்பங்கள் மிகுதியாக வாழும் திருவள்ளூர் மாவட்டத்தார்க்கு இச்செய்தி பொருளுடையது.

பெற்றவை

மேடை என்ன தந்தது? முதலாவதாக, ஆசான் தந்தது. போட்டி இருந்தால் பள்ளிக்குப் பயிற்றுநர் வேண்டும். பயிற்றுநருக்கு ஊதியம் வேண்டும். தஃப் முழக்கவும் கோல்களி ஆடவும் தெரிந்த முதியவரை, அவர் ஊரிலேயே எவரும் பொருட்படுத்தாத காலத்தில், தொலைவிலுள்ள பள்ளிகள் தேடிவந்தன. தந்தையிடம் கற்றதை மறந்துகொண்டிருந்த மகன் மீண்டும் பாட்டேடுகளைத் தூசி தட்டி எடுத்தான். கலை வாழ வேண்டுமானால் கலைஞன் உண்ண வேண்டும் என்னும் எளிய உண்மைக்கு மேடை வழி செய்தது.

இரண்டாவதாக, அண்டை வீட்டாரின் அறிமுகம் கிடைத்தது. இன்று ஒப்பனா ஆடும் பெண்பிள்ளைகளில் பலர் இந்துக்கள், கிறிஸ்தவர்கள். மணப்பெண்ணின் மெஹந்தியையும் மஹரையும் சுவனத்தின் வருணனையையும் பாடும் அப்பாட்டுகளை முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் பொருள் கேட்டு மனனம் செய்கின்றனர். நூறு நல்லிணக்கச் சொற்பொழிவுகள் செய்ய முடியாததை ஒரு மாதப் பயிற்சி செய்துவிடுகிறது. அரங்கில் கூட்டம் நிரம்பி வழியும் போட்டிகளுள் ஒப்பனாவும் ஒன்று.

மூன்றாவதாக, நூலும் நிறுவனமும் வந்தன. போட்டிக்கு விதி வேண்டும். விதிக்கு மரபு எது என்னும் ஆராய்ச்சி வேண்டும். எந்த இசல், எந்தப் புலவர், எந்தப் பாடம் என்று வாதிட வேண்டியிருந்ததால் ஏடுகள் அச்சேறின. கொண்டோட்டியில் மோயின்குட்டி வைத்தியர் பெயரால் மாப்பிள்ளைக் கலை அகாதமி இயங்குகிறது.

இழந்தவை

இழப்பையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும்.

மணவீட்டில் ஒப்பனாவுக்குக் கடிகாரம் இல்லை. விருந்தினர் வரும் வரையில், பாட்டி களைக்கும் வரையில் பாட்டு நீளும். மேடையில் குறித்த சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆகவே தாளம் விரைந்தது. அமர்ந்து பாடியது எழுந்து ஆடுவதாயிற்று. பார்வைக்கு ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதால் ஆடையும் அணிகலனும் பகட்டாயின. நடுவர் மதிப்பெண் இடுவது கண்ணுக்குத் தெரிவதற்கே என்ற எண்ணம் வேரூன்றியபோது பாட்டின் பொருள் பின்னுக்குச் சென்றது. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறாக இருந்த மெட்டுகளும் அடவுகளும், எது பரிசு பெறுமோ அந்த ஒன்றை நோக்கிக் குவிந்தன. பெண்பிள்ளைகள் பொது அரங்கில் ஆடுவது மார்க்க ஒழுங்குக்கு ஏற்றதா என்ற வினாவும் சமூகத்திற்குள் எழுந்தது. அவ்வினாவை எழுப்பியவர்களை எள்ளி நகையாட வேண்டியதில்லை. பெண்கள் பெண்களுக்கெனப் பாடிய ஒன்றின் இயல்பு, இருபாலரும் நிறைந்த அரங்கில் மாறத்தான் செய்யும்.

பிள்ளைகள் மீது விழுந்த சுமை இன்னும் பெரிது. கலாதிலகம் பட்டம் திரையுலகின் வாயிலாயிற்று. முதல் கலாபிரதிபாவான வினீத்தும், 1992-இலும் 1995-இலும் கலாதிலகமான மஞ்சு வாரியரும் திரையில் ஒளிர்ந்தபின், ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கனவு முளைத்தது. உடைக்கும் ஒப்பனைக்கும் பயிற்றுநருக்கும் பெற்றோர் பணத்தை வாரி இறைத்தனர். நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடுகள் குவிந்தன. நீதிமன்றப் படிகளும் தேய்ந்தன. மேடைக்குப் பின்னால் குழந்தைகள் அழுத காட்சிகளை நாளேடுகள் படம்பிடித்தன. இறுதியில் 2006 முதல் அத்தனிநபர் பட்டங்கள் கைவிடப்பட்டன. முதலிடம், இரண்டாமிடம் என்பதை விடுத்துத் தரநிலை வழங்கும் முறை வலுப்பெற்றது. தகுதியுள்ள எல்லாரும் ‘ஏ’ தரம் பெறலாம். ஒருவரின் வெற்றி மற்றவரின் தோல்வியாக வேண்டியதில்லை.

இருபது ஆண்டுக்காலம் பட்டங்களை வழங்கிப் பார்த்து, அவற்றின் கசப்பை உணர்ந்து கேரளம் கைவிட்டது. அதன்பின் பதினாறு ஆண்டுகள் கழித்துத் தமிழகம் தன் கலைத் திருவிழாவைத் தொடங்கியபோது பட்டங்களுடனேயே தொடங்கியிருக்கிறது. இதைக் குறை கூறும் நோக்கம் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ‘கலையரசி’ என்னும் சொல் தரும் தன்னம்பிக்கை சிறிதன்று. ஆயினும் அண்டை வீட்டார் சுட்டுக்கொண்ட விரலைப் பார்த்து நாம் எச்சரிக்கை கொள்ளலாம்.

பொதுமேடை தானாகவே நீதியுடையதாகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. 2023 சனவரியில் கோழிக்கோட்டில் நடந்த விழாவின் தொடக்க நிகழ்ச்சியில், பயங்கரவாதி ஒருவனை முஸ்லிம் அடையாளத்துடன் காட்டிய காட்சி கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஒப்பனாவும் தஃப்முட்டும் கொண்டாடப்படும் அதே விழாவில் இதுவும் நிகழ்ந்தது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. கண்டனம் முஸ்லிம்களிடமிருந்து மட்டும் எழவில்லை. மாநிலத்தின் பல தரப்பாரும் குரல் கொடுத்தனர். பல்லாண்டுகளாக ஒரே பந்தியில் உண்டு, ஒரே மேடையில் பாடிய பழக்கம் அவ்வாறு பேச வைக்கிறது. மேடையில் இல்லாதவரைப் பற்றி மற்றவர் எதையும் காட்டலாம். மேடையில் இருப்பவரைப் பற்றிக் காட்டும்போது கை சற்றுத் தயங்கும்.

போட்டி நமக்குப் புதிதன்று

போட்டி என்பதே நமக்கு அந்நியம் என்று எண்ண வேண்டியதில்லை. இஸ்லாத்திற்கு முன்னரே தாயிஃப் அருகே உக்காழ் சந்தையில் அரபுக் கவிஞர்கள் போட்டியிட்டனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில், ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவிபாட மேடை அமைத்துத் தரப்பட்டது. பெருநாளன்று அபிசீனியர்கள் அப்பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு மகிழ்ந்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருநாளிலும் திருமணத்திலும் தஃப் முழக்குவதை அனுமதிப்போர் பலர். ஒவ்வொரு குடும்பமும் தான் மதிக்கும் ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை.

நம் காலத்திலும் 1961 முதல் மலேசியாவில் பன்னாட்டுக் குர்ஆன் ஓதற்போட்டி நடந்துவருகிறது. 1968-இல் இந்தோனேசியாவில் அந்நாட்டின் தேசிய அளவிலான ஓதற்போட்டி தொடங்கியது. நம் ஊர் மக்தப் ஆண்டு விழாக்களில் கிராஅத், பேச்சு, துஆ மனனம் ஆகியவற்றுக்குப் பரிசு வழங்காத ஜமாஅத் எது? பரிசுக் கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வீடு திரும்பும் சிறுவனின் முகத்தை நாம் அறிவோம். பரிசு கிடைக்காமல் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும் சிறுமியின் முகத்தையும் அறிவோம். கேரளம் எழுபது ஆண்டுகளில் பெரிய அளவில் கற்ற பாடம், நம் மக்தப் முற்றத்தில் சிறிய அளவில் ஆண்டுதோறும் நிகழ்கிறது.

நம் கையில் இருப்பது

தமிழ் முஸ்லிம்களின் எழுத்துச் செல்வம் ஓரளவு காக்கப்பட்டுவிட்டது. சீறாப்புராணத்திற்குப் பதிப்புகள் உள்ளன. இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ் போன்றோர் அயராது தேடித் தொகுத்ததால், இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றது. மாநாடுகளும் பல நடந்தன. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் நூலாக உள்ளன. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல் ஒலிப்பதிவாக வாழ்கிறது.

ஆனால் எழுதப்படாதவை? கடற்கரை ஊர்களில் மணமகன் ஊர்வலத்தில் இளைஞர் பாடிய பைத்துகள் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கின. ஃபக்கீர்மார் தாயிரா முழக்கிப் பாடிய கதைப்பாடல்களைக் கேட்க இன்று கந்தூரி நாட்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உள்நாட்டு ஊர்களில், தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்து பெண்கள் பாடிய மணப்பாடல்களும் தாலாட்டுகளும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவை சில முதிய பெண்களின் நினைவில் மட்டுமே உள்ளன. ஒரு ஜனாஸா புறப்படும்போது அதனுடன் எத்தனை பாட்டுகள் அடக்கமாகின்றன என்பதை எவரும் கணக்கிடுவதில்லை.

தமிழகக் கலைத் திருவிழாவில் நாட்டுப்புறப் பாடல் ஒரு போட்டி. அத்தலைப்பு எந்தச் சமூகத்தின் பாட்டு என்று கேட்பதில்லை. திருத்தணி வட்டாரத்துப் பள்ளியொன்றில் ஒரு முஸ்லிம் சிறுமி தன் பாட்டி பாடிய தாலாட்டை மேடையில் பாடினால் அதைத் தடுப்பார் இல்லை. தடை வேறிடத்தில் இருக்கிறது. அச்சிறுமிக்கு அப்பாட்டைச் சொல்லித்தர வீட்டில் எவருக்கும் நேரம் இருந்ததில்லை.

எனவே குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்த பெண்மணி இருப்பின், இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவர் அருகே அமர்த்துங்கள். தாலாட்டோ, மணப்பாட்டோ, முனாஜாத்தோ, அவர் நினைவில் உள்ளதைப் பாடச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், எந்த நிகழ்வில் பாடப்பட்டது என்னும் மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பிறகு பிள்ளை விரும்பினால் பள்ளி மேடையில் பாடட்டும். விரும்பாவிட்டால் வீட்டில் பாடட்டும்.

மக்தப் விழாக்களை நடத்தும் ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல். கிராஅத், பேச்சு ஆகிய போட்டிகளுடன் ‘வீட்டில் கேட்ட பாட்டு’ என்று ஒன்றைச் சேர்த்தால் என்ன? அதில் முதலிடம், இரண்டாமிடம் வேண்டாம். பாடிய ஒவ்வொரு பிள்ளைக்கும் பரிசு கொடுங்கள். பாட்டைச் சொல்லித்தந்த பாட்டிக்கும் ஒன்று கொடுங்கள். பட்டத்தின் கசப்பின்றி மேடையின் பயனை மட்டும் பெறுவதற்குக் கேரளத்தின் அனுபவம் காட்டும் வழி இதுவே.

மாப்பிள்ளைமாரின் கலைகள் மேடைக்குப் போனபோது, அவற்றைச் சொல்லித்தர ஊரில் ஆசான்கள் இருந்தனர், பாட வீடுகளும் இருந்தன. இருந்ததைத்தான் மேடை பெருக்கிக் காட்டியது. வீட்டில் அணைந்துவிட்ட விளக்கை எந்த மேடையாலும் ஏற்ற இயலாது. நம் வீடுகளில் அது இன்னும் முற்றாக அணையவில்லை.

வரும் டிசம்பர் 31 இரவிலும் திருத்தணிப் படிகளில் பாட்டு ஒலிக்கும். அண்டை வீட்டார் தம் முன்னோரின் சொத்தைத் தம் பிள்ளைகளிடம் ஒப்படைத்துக்கொண்டிருப்பர். அதைக் கேட்டபடி அமர்ந்திருக்கும் நம் வீட்டிலும், ஒரு பாட்டி தன் பேத்திக்கு ஒரு வரியைத் திருத்திச் சொல்லித்தரும் குரல் கேட்கட்டும், இன்ஷா அல்லாஹ்.